பசியாறலுக்கு இங்க பேரு நாஷ்டா

மலேசியாவுல, கிள்ளான்ல எங்க வீட்ல காலையில "பசியாறியாச்சா"ன்னுதான் கேப்பாங்க, கல்யாணமாகி சென்னை ராயபுரம் வந்த மறுநாள் அத்தை வந்து "இன்னா கண்ணு, நாஷ்டா துன்ட்டியா"ன்னு கேட்டப்போ நாஷ்டான்னா என்னன்னே எனக்கு தெரியல. இட்லியும் வடகறியும். வடகறி செக்கச்செவேல்னு இருந்துச்சு.

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலோட உள்பக்கம் புண்ணாகி ரத்தம் போற வியாதி, யாருக்கும் ஒட்டாது, ஆனா வருஷக்கணக்கா கூடவே இருக்கும். வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும், அத்தைகிட்ட மட்டும் "வயித்துக்கு கொஞ்சம் ஆகாது"ன்னு சொல்லி வெச்சிருந்தார். அது தப்புன்னு இப்பவும் சொல்வேன். புது மருமக தட்டை ஒதுக்கினா என்ன நினைப்பாங்களோன்னு குடுத்ததையெல்லாம் சாப்ட்டேன், அதோட மலேசியாவுலேர்ந்து கொண்டுவந்த, இந்த வியாதிய அடக்கி வெக்கற மெசலமைன் மாத்திரையும் தீர்ந்துபோச்சு, இங்க புது டாக்டரைப் பாக்கலாம் பாக்கலாம்னு நாளைக் கடத்திட்டேன்.

மூணாவது மாசம் ஃப்ளேர் வந்துடுச்சு, அதாவது அடங்கியிருந்த வியாதி மறுபடி கிளம்பிடுச்சு. காரம் சாப்பிட்டு வர்ற நோய் இல்ல இது, மாத்திரைய விட்டதுதான் பெரிய தப்பு, புண்ணு இருக்கறப்போ காரம் எரிச்சலைக் கூட்டும் அவ்ளோதான். ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை போவேன். நாங்க இருந்தது நாலு குடித்தனத்துக்கு ரெண்டு கக்கூஸ் உள்ள வீடு, காலையில ஆறு மணிக்கு பக்கெட்டோட நிக்கிறவங்களைத் தாண்டி "அக்கா ஒரு நிமிஷம், அக்கா ஒரு நிமிஷம்"னு கெஞ்சுவேன், இதுல அடக்கிக்கிட்டு நிக்கவே முடியாது. ஒருநாள் நிஜமாவே முடியல. அன்னிக்கு அத்தைகிட்ட ரத்தம் போறது உட்பட எல்லாத்தையும் அழுதுட்டே சொன்னேன். அவங்க ஒரு வார்த்தை திட்டல. நேரா வெளிய போயி "எம் மருமவ வந்தா வழி வுடுங்க, அதுக்கு ஒடம்பு சரியில்ல"ன்னு எல்லாருக்கும் கேக்கறமாதிரி சொல்லிட்டாங்க.

டாக்டர் மறுபடி மெசலமைன் ஆரம்பிச்சு, கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டும் குடுத்தார். ஐபுப்ரொஃபன் மாதிரி வலி மாத்திரை வேண்டாம், தலைவலின்னா பாராசிட்டமால் போதும்னார். ஃப்ளேர் அடங்கறவரைக்கும் பச்சைக் காய், விதை, தோல், கீரைத்தண்டு எதுவும் கிடையாது. குழைஞ்ச சாதம், தயிர், திரும்ப குழைஞ்ச சாதம். ரெண்டு வாரத்துல வாய் செத்துப்போச்சு. எதைச் சாப்பிடக்கூடாதுன்னு ஊரே சொல்லுது, உனக்கு என்னம்மா சாப்பிடணும்போல இருக்குன்னு ஒருத்தர் கேக்கல.

அத்தை கேட்டாங்க. கிள்ளான்ல சீனர் கடையில போரிட்ஜ் சாப்பிடுவோம், அரிசிய நல்லா குழைய வெச்சு, இஞ்சி சீவிப் போட்டு, மீன் துண்டு போட்டு வர்ற கஞ்சின்னு சொன்னேன். மறுநாள் காசிமேட்டுலேர்ந்து சங்கரா மீன் வந்துச்சு. குழம்புல போடறதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு துண்டு எடுத்து, உப்பு மஞ்சள் தடவி இட்லி குண்டான்ல அவிச்சு, முள்ளெல்லாம் எடுத்து கஞ்சில உதுத்துப் போட்டாங்க. அந்த மொத வாய் இன்னும் நாக்குல இருக்கு. அவங்க குழம்பு ஊத்திக்கிட்டு எம் பக்கத்துலயே உக்காந்து அதே மீனைத்தான் சாப்ட்டாங்க. அப்புறம் சுறா புட்டும் வந்துச்சு, எனக்குன்னு பச்சைமிளகாய் இல்லாம, கொஞ்சமா மிளகு போட்டு.

இப்ப ஃப்ளேர் இல்ல. காயெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சேத்துக்கறேன், சாப்ட்டதை நோட்டுல எழுதறேன், பால் எனக்கு ஒத்துக்கலன்னு அதுலதான் தெரிஞ்சுது (அடுத்தவங்களுக்கு ஒத்துக்கலாம்). மாசத்துக்கு ஒருதடவை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், சாப்பிடப் போவோம். 1960கள்ல பர்மாவுலேர்ந்து திரும்பி வந்த நம்ம ஆளுங்க கையோட கொண்டுவந்த சாப்பாடு அது, அந்தத் தட்டைப் பாத்தா எனக்கு எங்க ஊர் மீ (அங்க நூடுல்ஸுக்கு அதான் பேரு) ஞாபகம் வந்துடும். கோஸ் வேணாம், மிளகாத்தூள் வேணாம்னா கடைக்கார அண்ணன் மறுபேச்சில்லாம பெசஞ்சு குடுப்பார். சூப்புல வர்ற வாழைத்தண்டை மட்டும் எடுத்து வீட்டுக்காரர் கிண்ணத்துல போட்டுடுவேன்.