ஒரு காந்தாரத்துக்காக மூன்று முறை புதுச்சேரி

வீணைக்கு மெழுகு மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வீணையை மடியில் கிடத்திக்கொண்டு மூன்று தடவை பஸ் ஏறிய அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

என் அம்மா வாசித்த வீணை அது. தந்தியை அழுத்திச் சுரம் பிடிக்கும் உலோகக் கம்பிகளுக்கு மெட்டு என்று பெயர். அவற்றைத் தாங்கும் மெழுகு வறண்டு வெடித்து, மெட்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. புதுச்சேரிக் கடைக்காரர் பழையதைச் சுரண்டிவிட்டு, தேன்மெழுகில் கரிப்பொடி கலந்து, 24 மெட்டுகளையும் பொருத்தி இரண்டே நாளில் கொடுத்துவிட்டார்.

வீட்டில் சுருதிப் பெட்டியோடு வாசித்ததும் மகள் நிறுத்திவிட்டாள். “அம்மா, காந்தாரம் அழுகிறது” என்றாள். ச-ரி-க-வில் வரும் ‘க’ அது, சுருதியோடு சேரவில்லை. திரும்பப் போய்ச் சொன்னால், கடைக்காரர் சுருதி பார்க்கும் செயலியைக் கைப்பேசியில் திறந்து நீட்டினார். “செயலி பச்சை காட்டுகிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும்?”

அந்தப் பச்சைதான் வினை. அத்தகைய செயலிகள் பெரும்பாலும் ஒரு ஸ்தாயியை, அதாவது கீழ் ‘ச’ முதல் மேல் ‘ச’ வரையுள்ள 1,200 சென்ட்டையும் (சென்ட் என்பது சுர இடைவெளியின் அளவு), 12 சம பங்காக வெட்டுகின்றன. கீபோர்டுக்கு அது தேவை. எந்தக் கட்டையையும் ஷட்ஜமமாக (‘ச’) வைத்து வாசிக்கலாம். நம் வீணையில் ஷட்ஜமம் நகர்வதில்லை. பிறகு எதற்குச் சமபங்கு? பஞ்சமத்தில் (‘ப’) அது 2 சென்ட்தான் குறைகிறது. பெரும்பாலான காதுகளுக்கு எட்டாது. ஆனால் ஷட்ஜமத்துக்கு 5/4 என்ற அதிர்வு விகிதத்தில் நிற்க வேண்டிய, காந்தாரங்களில் உயர்ந்ததான அந்தர காந்தாரம் 14 சென்ட் ஏறிவிடுகிறது. தம்புராவின் மந்தரத் தந்தியை மட்டும் மீட்டிக் கேளுங்கள், அதற்குள்ளேயே அந்தர காந்தாரம் ஒலிக்கும். அதோடு மோதினால் குழந்தைக்கும் கேட்கத்தான் செய்யும்.

அவரிடம் வாதாடிப் பயனில்லை என்று நானே கணக்குப் போட்டுக் கொடுத்தேன். தந்தி நீளம் 80 செ.மீ. என்றால் காந்தார மெட்டு குதிரையிலிருந்து (தந்திகளைத் தாங்கும், குடத்தின் மேலுள்ள பாலம்) 64 செ.மீ.யில் நிற்க வேண்டும், சமபங்கில் 63.5. அரை சென்டிமீட்டர் வித்தியாசம்! முகத்தைச் சுளித்துக்கொண்டே அளவுகோல் வைத்து அப்படியே பொருத்தினார். எல்லாச் சுரமும் ஏறிப் போயிற்று. இந்தப் பிழை என்னுடையது. மெட்டின்மீது அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுரம் கூடுகிறது. குதிரையை நெருங்க நெருங்கத் தந்தியின் உயரம் கூடுவதால் பிழையும் கூடுகிறது. காகிதக் கணக்கில் விரலின் அழுத்தம் இல்லை. போதாக்குறைக்கு மே மாத மதியத்தில், பஸ் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பினேன். தவளக்குப்பம் தாண்டுவதற்குள் மெழுகு இளகி, மூன்று மெட்டுகள் சாய்ந்துவிட்டன.

மூன்றாவது முறை, மகளின் ஆசிரியை சொன்ன ஒரு பெரியவரிடம் போனோம். முதல் கேள்வியே, “புதுத் தந்தி எங்கே?” தேய்ந்த தந்தியில் சுரம் நேராக நிற்காது, அதை வைத்து மெட்டு பொருத்த மாட்டேன் என்றார். தந்தி தேடி அலைந்ததில் அரை நாள் போயிற்று. கையோடு கொண்டுபோய்விடுங்கள்.

அவர் அளவுகோலைத் தொடவில்லை. பஞ்சமம், மேல் ஷட்ஜமம், மத்தியமம், காந்தாரம் என்று ஒவ்வொன்றாகச் சுருதியோடு கேட்டுக் கேட்டு, இளஞ்சூட்டு மெழுகில் மெட்டை நகர்த்தினார். சதுச்ருதி ரிஷபத்தில் (‘ரி’) மட்டும் நெடுநேரம் நின்றார். காரணம் எனக்குப் புரிந்தது. ஷட்ஜமத்துக்குச் சுருதி சேர்த்த முதல் தந்தியான சாரணியில் 9/8 என்று நிற்கும் அதே மெட்டு, பஞ்சமத் தந்தியில் 27/16 என்ற தைவதத்தைக் (‘த’) கொடுக்கும். ஷட்ஜமத்தோடு இழையும் தைவதம் 5/3. இரண்டுக்கும் இடைவெளி 81/80, ஏறத்தாழ 21.5 சென்ட். எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு தந்தியில் இது மிஞ்சும். பன்னிரண்டு பஞ்சமம் ஏறினாலும் ஏழு ஸ்தாயியில் சரியாகப் போய் முடியாததும் இதே குடும்பத்துச் சிக்கல்தான். 3-இன் அடுக்குகள் என்றும் ஒற்றைப்படை, 2-இன் அடுக்குகள் இரட்டைப்படை, இரண்டும் ஒருபோதும் சமமாகாது.

பெரியவர் மெட்டை மயிரிழை அளவு பிருடைப் பக்கம் (தந்தியை முறுக்கும் முளைகள் உள்ள பக்கம்) தள்ளினார், சுரம் சற்றே இறங்கியது. “ரிஷபம் குறைந்தால் பாப்பா தந்தியை இழுத்து ஏற்றிக்கொள்ளும். தைவதம் ஏறினால் இறக்க வழியில்லை” என்றார். நான்கு நாள் காகிதத்தில் போராடியவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் திரும்பினோம், மெழுகு அசையவில்லை. சுருதிப் பெட்டியை வைத்து மகள் காந்தாரத்தில் நின்றாள். இரண்டு ஒலியும் மோதி அலை அடிக்கவில்லை, ஒன்றாகிவிட்டன. நீங்களும் சுருதிப் பெட்டியைக் கடைக்கே எடுத்துப் போய், காந்தாரத்தை நீட்டி வாசித்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.