செல்போன் சாட்சியும் ஒரு சான்றிதழும்

மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கிறேன். முன்பு கட்சிக்காரர்கள் காகிதக் கட்டோடு வருவார்கள். இப்போது பலரும் செல்போனைத்தான் நீட்டுகிறார்கள். "எல்லாம் இதுலயே இருக்கு சார்." வாட்ஸ்அப் செய்தி, பேச்சுப் பதிவு, பக்கத்துக் கடை சிசிடிவி காட்சி என்று இருக்கும். அதை நீதிமன்றம் ஏற்க இன்னும் என்ன வேண்டும் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது, பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு சேர்ந்தது. மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால், அது எந்தக் கருவியில், எப்படி உருவானது என்று அந்தக் கருவிக்குப் பொறுப்பானவர் தரும் சான்றிதழும் வேண்டும். நகலைத் திருத்துவது சுலபம் என்பதால் நியாயமான நிபந்தனைதான். ஆனால் அந்தப் பிரிவு 1968-ம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. அங்கேயே 1995-ல் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

தீர்ப்புகளும் ஒரே நிலையில் நிற்கவில்லை. சான்றிதழ் இல்லாமலும் நிரூபிக்கலாம் என்று 2005-ல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், 2014-ல் அன்வர் வழக்கில் அது கட்டாயம் என்றது. 2018-ல் தளர்த்தியது. 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் மறுபடியும் இறுக்கியது. ஒரு தீர்ப்பை நம்பி வழக்கு நடத்தியவர் அடுத்த தீர்ப்பில் திண்டாடினார். கருவி மாறிய வேகத்தைவிட இந்த ஊசலாட்டம்தான் சாதாரண மக்களை அதிகம் வாட்டியது என்பது என் எண்ணம்.

2020 தீர்ப்பில் ஒரு நல்லது உண்டு. கருவி வைத்திருப்பவர் சான்றிதழ் தர மறுத்தால், நீதிமன்றத்தின் மூலம் கேட்டு வாங்கலாம். கடைக்காரர்கள் பெரும்பாலும் கோர்ட் என்றாலே ஒதுங்குவார்கள். அதற்குள் சிசிடிவியில் பழைய காட்சியின் மேல் புதியது பதிவாகிவிடும். அதனால் பதிவை அழியாமல் வைக்கச் சொல்லி முதலிலேயே நோட்டீஸ் அனுப்பிவிடுகிறேன்.

2024 ஜூலை 1 முதல், பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சட்டத்தின் 63-வது பிரிவுதான் இதற்குப் பொருந்துகிறது. சான்றிதழில் இரண்டு பகுதிகள்: ஒன்றைப் பதிவைத் தாக்கல் செய்பவர் தர வேண்டும், மற்றதை நிபுணர் தர வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பையும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் அடையாளக் குறியையும், எழுத வேண்டும். கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்த மதிப்பு மாறிவிடும் என்பதால், இதை மனதார வரவேற்கிறேன்.

சரி, நிபுணருக்கு எங்கே போவது? கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு வாட்ஸ்அப் ஒப்புதலை மட்டும் வைத்துக்கொண்டு தாலுகா கோர்ட்டில் நிற்பவர், நிபுணரைத் தேடி அலைந்து, அவருக்குக் கட்டணமும் தர வேண்டும். கடனே சிறிய தொகை என்றால் வழக்கையே விட்டுவிடுவார். ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்திலும் அரசே ஒரு நிபுணரைக் குறைந்த கட்டணத்தில் அமர்த்தட்டும்.