இணைச்சீர் படம் இருந்த கார்டு

ஆடி மாசம், கல்யாணம் கெடையாது, அதனால ஸ்டுடியோவுல உக்காந்து இருக்கற மெமரி கார்டு எல்லாத்தையும் டேபிள் மேல பரப்பி வெச்சு ஒவ்வொன்னா செக் பண்ணிட்டிருக்கேன். மொத்தம் 22. எல்லாத்துலயும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி நம்பர் எழுதிருக்கேன். நம்பர் இல்லாத கார்டு ஒன்னு மட்டும் தனியா ஒரு டப்பால இருக்குது, பழைய சிஎஃப் (காம்பேக்ட் ஃப்ளாஷ்) கார்டு, 16 ஜிபி. 2013 ஆவணிக்கு அப்பறம் அதை நான் கேமராவுல போட்டதே இல்ல.

அந்த ஆவணில காங்கேயம் பக்கம் ஒரு மண்டபத்துல கல்யாணம். நான் கோபில இருந்து போயிருந்தேன். அப்ப என்கிட்ட இருந்தது கேனான் 5டி மார்க் 2, அதுல கார்டு போடறதுக்கு ஒரே ஸ்லாட்டுதான். நம்ம கொங்குப் பக்கம் கல்யாணம்னா முகூர்த்தம் மட்டும் இல்லைங்களே, முதல் நாள் பொழுதோட ஆரம்பிச்சா ஒறம்பரை (சொந்தபந்தம்) வர்றது, பொண்ணழைப்பு, ரிசப்ஷன், அப்பறம் ராத்திரி முழுக்க ஒன்னு மாத்தி ஒன்னு சீரு, அதாவது சடங்கு, நடந்துட்டே இருக்கும், அதை நடத்தி வெக்கற அருமைக்காரர் கூப்புடற நேரத்துக்கு நாம கேமராவோட நிக்கோணும், தூக்கம்னு ஒன்னு அன்னிக்கு கெடையாது. அந்தக் கல்யாணத்துல இணைச்சீர் முடியறப்ப மணி ஒன்னு தாண்டிருச்சு.

நாலு மணிக்கு மூஞ்சி கழுவி டிரஸ் மாத்துனேன். அதுவரைக்கும் காலி கார்டு இடது பாக்கெட், எடுத்து முடிச்ச கார்டு வலது பாக்கெட்னு வெச்சிருந்தேன். டிரஸ் மாத்தறப்ப எல்லாத்தையும் அள்ளி புது பேன்ட்ல ஒரே பாக்கெட்ல போட்டுட்டேன். அவ்வளவுதான் நடந்தது. நாலரைக்கு ஒரு கார்டை எடுத்து கேமராவுல சொருகி, கை பழக்கத்துல ஃபார்மேட் அடிச்சுட்டு, பொண்ணு அறையில போயி 45 படம் எடுத்துட்டேன். அப்பறம் பாக்கெட்ல இருந்த கார்டையெல்லாம் வெளிய எடுத்துப் பாக்கறேன், காலி கார்டு ஒன்னுதான் மிச்சம் இருக்கோணும், ரெண்டு இருக்குது.

வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு, அதை எப்படி எழுதறதுன்னு தெரியல. கேமராவுக்குள்ள இருந்தது ராத்திரி எடுத்த சீரு கார்டு.

ஒரு நல்ல காரியம் பண்ணுனேன், அந்தக் கார்டை உடனே வெளிய எடுத்து கர்சீப்ல முடிஞ்சு சட்டைப் பாக்கெட்ல வெச்சுட்டேன், அதுல மேல ஒரு படம் கூட எடுக்கல. ஏன்னா ஃபார்மேட் அடிச்சா படம் அழியறதில்ல. எந்தப் படம் எங்க இருக்குதுன்னு கார்டுல ஒரு அட்டவணை மாதிரி இருக்கும், கேமரா அந்த அட்டவணையைத்தான் காலி பண்ணும், படம் அந்தந்த எடத்துலயே கெடக்கும். அதுக்கு மேல புதுசா எடுக்க எடுக்கத்தான் பழசு நெஜமா போகும். அதுவும் அநேகமா கார்டோட ஆரம்பத்துல இருந்துதான் மேல எழுதிட்டு வரும்.

முகூர்த்தத்தை எப்படி எடுத்தேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. தாலி கட்டறப்ப கை நடுங்குச்சு. அன்னிக்கு யாருகிட்டயும் சொல்லல, கல்யாண ஊட்டுல அந்த நேரத்துல சொல்லி என்ன ஆகப்போகுது.

ஊட்டுக்கு வந்து ஃபோட்டோரெக்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர், அதை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். ஒன்னொன்னா மீண்டு வருது. ஃபைல் பேரெல்லாம் போயிருச்சு, அதுவா ஒரு நம்பர் போட்டுக்கும், ஆனா படத்துக்குள்ளயே எடுத்த தேதி நேரம் பதிஞ்சிருக்கறதுனால வரிசைப்படுத்த முடிஞ்சுது. வெடியால அஞ்சு மணிக்கு பாத்தா 500க்கும் மேல வந்துருச்சு. வராதது நான் மேல எடுத்த அந்த 45 படத்துக்கு அடியில இருந்தது. ஒரு ரா ஃபைல் (கேமரா அப்படியே பதியற பெரிய ஃபைல்) 25 எம்பின்னு வெச்சா ஒரு ஜிபிக்கு கொஞ்சம் மேல, கார்டோட ஆரம்பப் பகுதி. அந்தக் கார்டுல நான் முதல்ல எடுத்ததே இணைச்சீர்தான்.

இணைச்சீர் தெரியாதவங்களுக்கு சொல்றேன், அது மாப்ளையோட கூடப் பொறந்தவளுக்கான சீரு. கல்யாணத்துல பொண்ணு மாப்ளை 2000 படத்துல இருப்பாங்க, நாலு போனா கூட மிச்சம் இருக்கும். அந்த அக்காவுக்கு அவங்க சீருன்னு இருக்கறது அது ஒன்னுதான். படம் தொலையறதுன்னா அது யாரு தலையில விழுகும்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. மூலையில சேர் போட்டு உக்காந்திருக்கற அப்புச்சி, பந்தியில எலை போட்ட பெரியப்பா, மேடைக்கு ஒரே ஒரு தடவை வந்து திருநீறு வெச்சுட்டு போன அம்மாயி, இவங்களுக்கெல்லாம் படம் ஒன்னோ ரெண்டோதான். அது போச்சுன்னா போச்சுங்க.

மூணாவது நாள் நேர்ல போனேன். போன்ல சொல்ற சமாச்சாரம் இல்ல அது. மாப்ளையோட அப்பா திண்ணைல உக்காந்திருந்தாரு, "வா தம்பி, பந்தில சாப்புடாமயே போயிட்டியாமா"ன்னு கேட்டாரு. அப்பவே எனக்கு கண்ணு கலங்கிருச்சு. சொன்னேன். அந்த அக்கா கதவோரம் நின்னு கேட்டுட்டிருந்தாங்க. "அந்த சீருக்குத்தானுங் தம்பி நான் அவ்வளவு தூரத்துல இருந்து வந்தது"ன்னாங்க. திட்டியிருந்தா பரவால்ல, திட்டல. அவங்க பையன் செல்லுல எடுத்தது மூணு படம் இருந்துச்சு, ஒன்னு ஆடிப்போயிருந்துச்சு, மிச்சம் ரெண்டைத்தான் ஆல்பத்துல போட்டேன், பெருசு பண்ணா உடையும்னு சின்னதா. பணம் பாதி திருப்பிக் குடுத்தேன், பெரியவர் வாங்க மாட்டேன்னுட்டாரு.

அந்த வருசமே வட்டிக்கு வாங்கி 5டி மார்க் 3 எடுத்தேன். அதுல சிஎஃப் ஒன்னு, எஸ்டி ஒன்னு, ரெண்டு ஸ்லாட். எஸ்டி ஸ்லாட் ஸ்லோதான், பரவால்ல. ரெண்டு ஸ்லாட் இருக்கற கேமரா வெச்சிருக்கற தம்பிங்க நெறைய பேரு ஒன்னு ஃபுல்லானா அடுத்ததுக்கு போற மாதிரி செட் பண்ணி வெச்சிருக்காங்க, அப்படி வெச்சா ரெண்டு ஸ்லாட் இருந்து என்ன பிரயோஜனம் சொல்லுங்க. ரெண்டுலயும் ஒரே நேரத்துல எழுதோணும். எடம் பத்தலைன்னா ஒன்னுல ரா, இன்னொன்னுல ஜேபெக்காவது வெய்ங்க. 2018ல நிக்கான் இசட்6, இசட்7, கேனான் ஈஓஎஸ் ஆர் எல்லாம் ஒத்த ஸ்லாட்டோட வந்தப்ப கல்யாணம் எடுக்கறவங்க ஏன் அவ்வளவு சத்தம் போட்டாங்கன்னு வெளிய இருக்கறவங்களுக்கு புரிஞ்சிருக்காது. 2020ல அதோட அடுத்த மாடல் இசட்6 II ரெண்டு ஸ்லாட்டோட வந்துச்சு.

எங்க மாமா ஃபிலிம்ல எடுத்தவரு, அவருகிட்டத்தான் நான் தொழில் கத்துக்கிட்டது. ரோலுக்கு 36 படம். ஃபிலிம் பல்லுல சரியா மாட்டலைன்னா கேமரா கவுண்டர் பாட்டுக்கு ஓடும், உள்ள ஃபிலிம் நகராது, ரோல் முழுக்க வெறும் ரோல். அதனால ஒவ்வொரு படத்துக்கும் லிவரை இழுக்கறப்ப இடது பக்கம் ரீவைண்ட் நாப் சுத்துதான்னு கண்ணு போகோணும்பாரு. சாகறவரைக்கும் அவரு கண்ணு அங்க போயிட்டேதான் இருந்துச்சு, டிஜிட்டல் கேமரா புடிச்சப்பகூட.

இப்ப நான் பண்றது, முடிஞ்ச கார்டை பர்ஸ்ல திருப்பி வெப்பேன், ஸ்டிக்கர் தெரியக்கூடாது. ஸ்டிக்கர் தெரியற கார்டைத்தான் எடுப்பேன். மண்டபத்துல ஃபார்மேட் பண்றதே இல்ல, எல்லாம் முதல் நாளே ஸ்டுடியோவுல முடிச்சுட்டு போயிருவேன். ரிசப்ஷன் முடிஞ்சதும் பையன் ஒருத்தன் லேப்டாப்ல காப்பி போட்டுட்டுத்தான் சாப்புட போவான். ஹார்டு டிஸ்க் ஒன்னு ஸ்டுடியோவுல, ஒன்னு ஊட்டுல. ரெண்டும் ஒரே எடத்துல இருந்தா அது ரெண்டு இல்ல, ஒன்னுதான். ஆல்பம் கைக்கு போற வரைக்கும் கார்டை தொடறதில்ல, அதுக்காகத்தான் 22 கார்டு.

கல்யாணம் முடிச்சவங்களுக்கும் ஒன்னு சொல்லோணும். நாங்க குடுக்கற பென்டிரைவை பீரோவுல சேலைக்கு அடியில வெச்சுட்டு அப்படியே விட்டுறாதீங்க, அது வருசக்கணக்கா கரண்டே இல்லாம சும்மா கெடந்தா நம்ப முடியாது. வாங்குன வாரமே வேற ரெண்டு எடத்துல காப்பி போட்டுக்குங்க. நாங்களும் எத்தனை வருசம் வெச்சிருப்போம்.

போன வாரம் புதுசா நாலு கார்டு வாங்குனேன். கார்டுல 64ன்னு போட்டிருக்கும், உள்ள 8 ஜிபிதான் இருக்கும், அந்த மாதிரி டூப்ளிகேட் நெறைய சுத்துது. கம்ப்யூட்டர்ல பாத்தாலும் 64ன்னுதான் காட்டும், எட்டைத் தாண்டுனதும் எழுதுன மாதிரி நடிக்கும், திறந்து பாத்தா படம் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூன்னு கார்டை சோதிக்கற சாஃப்ட்வேர் போட்டு முழுசா எழுதி திருப்பி படிச்சுப் பாக்காம எதையும் மண்டபத்துக்கு எடுத்துட்டு போறதில்ல. மூணு பாஸ் ஆயிருச்சு. நாலாவது ஓடிட்டிருக்கு, இன்னும் அரை மணி நேரம் காட்டுது.