ஈரம் கழித்த கணக்கு

மூன்று வாரமாக இரவில் எனக்கு ஒரே வேலைதான். எந்த நாடு எவ்வளவு மரச்சில்லு விற்கிறது, யார் வாங்குகிறார்கள் என்று ஓர் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். காகிதக்கூழ் ஆலைகளுக்குப் போகும் சில்லுதான் இதில் பெரும்பங்கு. விற்பதில் வியட்நாம் முன்னால் நிற்கிறது. வாங்குவதில் சீனா, அதற்கடுத்து ஜப்பான். இதுவரை எளிது.

அப்புறம்தான் சிக்கல். ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் சில்லைக் கன மீட்டரில் சொல்கிறது. ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளில் பெரும்பாலும் எடை. இரண்டையும் இணைக்க எல்லா நாட்டுக்கும் ஒரே மாற்று எண்ணை முதலில் பயன்படுத்திவிட்டேன். அது தப்பு. வெட்டியதும் சில்லாக்கிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 1,00,000 டன் சில்லில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரம் 50,000 டன். 40 சதவீதம் என்றால் 60,000. மேலே எழுதியிருக்கும் எண் ஒன்றுதான், உள்ளே 10,000 டன் வித்தியாசம். அதனால்தான் இந்த வியாபாரத்தில் 'போன் டிரை டன்' என்று, ஈரம் முழுக்கக் கழித்த எடையில் விலை பேசுகிறார்கள். சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, எடை குறைவது நிற்கும்வரை உலர்த்திப் பார்த்துக் கணக்கிடுவார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே 2,400 பவுண்டு கொண்ட தனி அலகு உண்டு. முதல் வார அட்டவணை முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

டாலர் மதிப்பும் லேசில் ஒத்துப்போகாது. விற்கும் நாடு துறைமுகத்தில் ஏற்றிய விலையை எழுதுகிறது. வாங்கும் நாடு கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து எழுதுகிறது. சில்லு எடை குறைந்த, இடத்தை அடைக்கும் சரக்கு. அதற்கென்றே பெரிய பெரிய கிடங்கறைகளோடு தனிக் கப்பல்கள் கட்டுகிறார்கள். அதனால் வியட்நாமிலிருந்து தென்சீனாவுக்குப் போகும் சரக்கில் கூலி சின்னப் பங்கு. சிலியிலிருந்து பசிபிக்கைக் கடந்து ஜப்பானுக்குப் போவதில் அதே கூலி கனக்கிறது.

ஆனால் என்னை அதிகம் நிறுத்தியது மரத்தின் வயது. 440122 என்ற சுங்கக் குறியீட்டில் ஊசியிலை அல்லாத எல்லா மரச்சில்லும் ஒன்றாகக் கிடக்கிறது. வியட்நாமின் அகேசியாவும் ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸும் அங்கே ஒன்றுதான். வியட்நாமின் சிறு விவசாயிகள் ஐந்தாறு ஆண்டில் அகேசியாவை வெட்டிவிடுகிறார்கள். பத்து ஆண்டுக்கு மேல் விட்டால் மேசை நாற்காலிக்கே ஆகும், விலையும் கூடும். புயல் அடிக்கும் கடலோரத்தில், கையில் காசில்லாத குடும்பம் எப்படி அவ்வளவு காலம் பொறுத்திருக்கும்? சில்லாகப் போவதைக் குறைக்க அந்நாட்டு அரசு 2016இல் 2 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. விவசாயியின் காத்திருப்புக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வியை வரி தீர்க்காது என்பது என் எண்ணம்.

ஆஸ்திரேலியாவில் இன்று அதிகம் போவது, 1990களிலிருந்து நட்ட நீல யூகலிப்டஸ் தோட்ட மரம். அதன் கூழ் விளைச்சல் நன்றாக இருப்பதால் டன்னுக்கு விலையும் கூடுதல். அதற்கு முன்பு, 1970களின் தொடக்கத்தில் ஈடன் துறைமுகத்திலிருந்து ஜப்பானுக்குப் போனது இயற்கைக் காட்டு மரம்.

இப்போது அட்டவணையில் 'மரத்தின் வயது' என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். வியட்நாமுக்கு 5–6, ஆஸ்திரேலியத் தோட்டங்களுக்கு 10–15. ஈடனுக்கு நேராக 'இயற்கைக் காடு' என்று மட்டும் எழுதினேன். அங்கே ஓர் எண்ணைப் போட மனம் வரவில்லை.