ஆறு வாரம் போட்ட பனியன்

11 வருஷமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணி பார்க்கிறேன். எந்தப் பனியனையும் இப்படி வெறுத்ததில்லை.

மார்பு வீக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது நெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கம்ப்ரெஷன் வெஸ்ட். நைலான் ஸ்பான்டெக்ஸ், முன்பக்கம் ஜிப். அக்குளில் ஃப்ளாட்லாக் என்கிற தட்டையான தையல் வர வேண்டிய இடத்தில், புடைத்து உறுத்தும் ஓவர்லாக் அடித்திருந்தார்கள். வலியைவிட முதலில் உறைத்தது அதுதான்.

13 வயதில் ஆரம்பித்த விஷயம். அந்த வயதில் நிறையப் பையன்களுக்கு மார்பு வீங்கும், பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானாக வற்றிவிடும். எனக்கு வற்றவில்லை. ஜிம்முக்குப் போனேன். தொப்பை குறைந்ததில் இது இன்னும் எடுப்பாகத் தெரிந்ததுதான் மிச்சம். கொழுப்புதான் கரையும், மார்புக்குள் இருக்கும் சுரப்பி கரையாது என்றார் டாக்டர். ஹார்மோன் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, 32 வயதில் கோயம்புத்தூரில் செய்துகொண்டேன். கொழுப்பை உறிஞ்சிவிட்டு, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் கீறிச் சுரப்பியை எடுத்தார்கள்.

இரண்டு பக்கமும் ட்யூப், அதன் முனையில் சின்னக் குடுவை. அதில் இறங்கும் சிவப்புத் தண்ணீரை அம்மா பால் கணக்கு நோட்டில் எழுதி வைத்தாள். மூன்றாம் நாள் ட்யூபை உருவினார்கள். உள்ளே ஏதோ புழு நகர்ந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

கையைத் தூக்கித் தலை சீவ முடியாது. மல்லாந்துதான் தூங்கணும், முதுகுக்கு மூன்று தலையணை. கன்னிப்போன இடம் ஊதாவிலிருந்து பச்சையாகி, மஞ்சளாகி, கீழே வயிறு வரை வழிந்தது. "ஏஞ்சாமி, இதென்ன இங்கயும் அடிபட்டிருக்குது?" என்று அம்மா பயந்தாள். உள்ளே கசிந்த ரத்தம் கீழே இறங்குவதுதான் என்று அவளுக்கு விளக்கினேன். எனக்கே அது முந்தின நாள்தான் தெரியும்.

ஆபீஸில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லியிருந்தேன். பத்து நாள் கழித்துப் போனபோது கட்டிங் மாஸ்டர் அண்ணன் முதுகில் தட்டினார். "ஏப்பா, குடலிறக்கத்துக்கு நெஞ்சுல எதுக்குப்பா பெல்ட்டு?" "இருமுனா தையல் விரியக் கூடாதாமாங்கண்ணா" என்றேன். நம்பினாரோ என்னவோ, பாரம் மட்டும் என்னைத் தூக்கவிடவில்லை.

வெஸ்ட்டை நான்கு வாரம் ராத்திரி பகலாக, அப்புறம் இரண்டு வாரம் ராத்திரி மட்டும். சித்திரை வெயில் வேறு. இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று காயும்போது மற்றது. காயம் மூடியதும் டாக்டரைக் கேட்டு, உள்ளே மெல்லிய காட்டன் பனியன் போட்டுக்கொண்டேன். 140 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, சாம்பிள் ரூமில் கிடந்தது. அன்றைக்குத்தான் தூங்கினேன்.

மூன்றாம் வாரம் இடது காம்புக்கு அடியில் கல் மாதிரி ஒரு கட்டி. திரும்ப வளர்கிறது என்றே முடிவு செய்துவிட்டேன். டாக்டர் அழுத்திப் பார்த்து, உள்தழும்பு, தினமும் தேய்த்துவிடுங்கள், இளகும் என்றார். இளகியது, மூன்று மாதம் பிடித்தது. மரத்துப்போயிருந்த இடத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி உணர்ச்சி திரும்பியதும் அதே சமயத்தில்தான்.

வீக்கம் வடிந்த பிறகும், யாராவது எதிரே வந்தால் கை தானாகச் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்துவிடுகிறது. உட்கார்ந்தால் கூன். இதற்கு டாக்டரிடம் மாத்திரை இல்லை.

குருவாயூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகணும். அதனால் வீட்டில் எல்லோரும் சாமி பார்க்கப் போவார்கள், நான் வெளியே செருப்புக்குக் காவல். போன வாரம் அம்மாவோடு வரிசையில் நின்றேன், துண்டை அகலமாக விரித்துத் தோளில் போட்டுக்கொண்டு. பின்னால் நின்ற மலையாளப் பெரியவர், துண்டு அவர் முகத்தில் படுகிறது என்று சைகை காட்டினார். மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். வரிசை நகர்ந்தது.