விட்டுப்போன கல்

கோயம்புத்தூரில் ஒரு கார் பாடிஷாப்பில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஆங்கிலத்தில் லீவ் லெட்டர் எழுதச் சொன்னால் இன்னும் பழைய லெட்டரைப் பார்த்துத்தான் எழுதுவேன், ஆனால் ஒரு பானெட் எப்படியெல்லாம் கெட்டுப்போகலாம் என்று கேட்டால் டெண்டட், பெண்ட், பிரெஸ்டு, பக்கிள்டு, டோர்ன், கிரஷ்டு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி உடைவதும் நசுங்குவதும் மோதுவதும்தான்.

சேர்ந்த முதல் வருஷம். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கிற ஒரு பெரியவர் வண்டியை டோ பண்ணிக் கொண்டுவந்தார். “தோட்டத்து ரோட்டுல கல்லு அடிச்சு ஆயில் சேம்பர் உடைஞ்சு போச்சுங்க தம்பி” என்றார். கிளெய்ம் ஃபார்மை நான்தான் நிரப்பினேன். “ஆயில் சம்ப் புரோக்கன்.” சம்ப் என்றால் அந்தச் சேம்பர்தான், எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி. எழுத்துப்பிழை எதுவும் இல்லை, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நாலு நாளில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கேள்வி வந்தது. மோட்டார் பாலிசியில் எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று ஒரு வரி இருக்கும்: தேய்மானம், மெக்கானிக்கல் அல்லது எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன், ஃபெயிலியர், பிரேக்கேஜ். தானாக உடைந்தால் அது பிரேக்கேஜ். வெளியிலிருந்து தற்செயலாக ஏதாவது வந்து அடித்தால்தான் விபத்து. நான் எழுதியதில் சேம்பர் தானாக உடைந்திருந்தது.

பெரியவர் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். “கல்லு அடிச்சு” என்றுதான் ஆரம்பித்தார். தமிழில் அப்படித்தான் வரும், எது நடந்து எது ஆனது என்று வரிசையாக. அதுபோக, நமக்கு உடைந்தது வேறு, உடைத்தது வேறு. ஒரு எழுத்தில் விஷயம் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் கண்ணாடி உடைந்தாலும் புரோக், பையன் கண்ணாடியை உடைத்தாலும் புரோக். புரோக்கன் என்று போட்டால் அந்த விவரமும் போய்விடும், உடைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். அவர் கொடுத்த கல்லை நான் ஃபார்மில் விட்டுவிட்டேன்.

சேதத்தைப் பார்த்து மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். வயதானவர், ரொம்பப் பேசமாட்டார். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, டார்ச் அடித்து, சேம்பரின் அடியில் இருந்த கீறலையும் உள்வாங்கிய இடத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் என்னிடம், “முதல்ல ஹிட் பை ஸ்டோன்னு எழுது தம்பி, அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு எழுது” என்றார். சேம்பருக்குப் பணம் வந்தது. எஞ்சினுக்கு வரவில்லை. கல் அடித்த பிறகும், ஆயில் லைட் எரிந்தும், வீடு பக்கம்தானே என்று பெரியவர் ஓட்டிக்கொண்டே போயிருக்கிறார். ஆயில் இல்லாமல் எஞ்சின் இறுகி சீஸ் ஆகிவிட்டது. அதற்குக் கான்ஸிக்வென்ஷியல் லாஸ், அதாவது பின்விளைவாக வந்த நஷ்டம், என்று பெயர், அதே விலக்கு வரியில் அதுவும் இருக்கிறது. “அந்தக் கல்லுதானுங்க எஞ்சினையும் கொன்னுச்சு?” என்று அவர் கேட்டார். “கல்லு சேம்பரத்தாங்க அடிச்சுது. எஞ்சினை அடிச்சது அதுக்கப்புறம் நீங்க ஓட்டுனதுங்க” என்றார் சர்வேயர். விதிப்படி சரிதான். ஆனாலும் அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கேட்பதில்லை, எரிகிற லைட்டைப் பார்த்ததும் வண்டியை நிறுத்துகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்?

அதிலிருந்து சொற்களை ஒரு மாதிரி பயத்தோடு எழுத ஆரம்பித்தேன். பட்டறையில் டிங்கர் அண்ணன் ‘டொக்கு விழுந்திருக்கு’ என்றால் தட்டி எடுத்துவிடலாம், ரிப்போர்ட்டில் டெண்டட். ‘நெளிஞ்சிருக்கு’ என்றால் யோசிக்க வேண்டும். ‘கிழிஞ்சிருச்சு’ என்றால் பெரும்பாலும் புதுசுதான் போடணும், அங்கே டோர்ன். டோர்ன் என்று எழுத வேண்டிய இடத்தில் டெண்டட் என்று எழுதினால் புதுக் கதவு பழைய கதவாகிவிடும். காசும் பொருளுக்குப் பொருள் மாறும். சாதாரண பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் என்று தொகையில் எதுவும் பிடிப்பதில்லை. பம்பர் மாதிரி பிளாஸ்டிக் சாமான் என்றால் புது வண்டியாக இருந்தாலும் 50 சதவீதம் பிடிப்பார்கள், 8,000 ரூபாய் பம்பருக்கு 4,000 கையிலிருந்து போகும். தகரத்துக்கு வண்டியின் வயசைப் பொறுத்து. மூன்று வருஷம் தாண்டி நாலுக்குள் இருந்தால் 25. இதைக் கவுண்டரில் விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

ஸ்டேட்மென்ட்டுகளில் தினம் பார்க்கிற தமாஷ் ஒன்று உண்டு. வண்டியை நிறுத்துகிற பிரேக்கும் உடைகிற பிரேக்கும் நமக்குக் காதில் ஒன்று, தமிழ் எழுத்திலும் ஒன்று. ‘நாய் குறுக்கே வந்ததால் திடீர் பிரேக் போட்டேன்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது பத்தில் ஆறு பேர் உடைகிற பிரேக்கைத்தான் போடுவார்கள். நான் திருத்துவதை விட்டுவிட்டேன், சர்வேயர்களுக்கும் பழகிவிட்டது.

சிரிப்பு வராத சொல் டேஷ். மோதியது என்பதற்கு நம் ஊர் போலீஸ் ஆங்கிலத்தில் எல்லாமே டேஷ்ட் அகென்ஸ்ட்தான். சைடு மிரர் உரசினாலும் டேஷ், லாரிக்கு அடியில் போனாலும் டேஷ். முதலில் இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு டிரெயினிங்கில் 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றைச் சொன்னார்கள். மாணவர்களுக்கு விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டிருக்கிறார்கள். கேள்வியில் வினைச்சொல் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. ‘ஸ்மாஷ்ட்’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.5 மைல் என்றார்கள், ‘ஹிட்’ என்றால் 34, ‘கான்டாக்டட்’ என்றால் 31.8. அதோடு விடவில்லை. இன்னொரு படம் காட்டி, ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, ஸ்மாஷ்ட் கேட்ட 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள், ஹிட் கேட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை. அதுவரை எத்தனை பேரிடம் “எப்படிங்க இடிச்சீங்க?” என்று கேட்டிருப்பேன்! இடிச்சீங்க என்றதும் பாதிக் குற்றத்தைத் தலையில் கட்டியாயிற்று. இப்போது “என்ன ஆச்சுங்க?” என்று மட்டும்தான் கேட்கிறேன்.

ஒன்றும் உடையாமலேயே முடிந்துபோகிற வண்டிகளும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்கு வேலையாகப் போய்வந்த சர்வேயர் சொன்னார், கீறல்கூட இல்லாத கார்கள் வரிசையாக நிற்குமாம், சீட்டில் சேறு, எல்லாம் டோட்டல் லாஸ். பழுதுச் செலவு வண்டியின் இன்சூரன்ஸ் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கணக்குப்படி அப்படித்தான். எங்கள் ஷெட்டிலேயே ஒருத்தர், பின்பக்கம் முழுக்கச் சப்பளிந்த வண்டியில் சாவியைத் திருப்பிப் பாட்டுப் போட்டுக் காட்டி, “பாட்டு ஓடுதுங்களே, இதப் போயி லாஸ்ங்கறீங்க?” என்று நின்றார். டோட்டல் லாஸுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று எனக்கு வாயில் வரவில்லை. முழுச் சேதம் என்றால் பாட்டு பாடக் கூடாதே.

கப்பல்காரர்கள் இந்த விஷயத்தில் கறாரானவர்கள். ஓடுகிற இரண்டு கப்பல்கள் முட்டிக்கொண்டால் கொலிஷன். ஓடுகிற கப்பல் போய் நிற்கிற ஒன்றில் மோதினால் அதற்குத் தனியாக அலிஷன் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 2024 மார்ச்சில் பால்டிமோரில் டாலி என்ற சரக்குக் கப்பல் பாலத்தில் மோதியபோதுதான் அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டேன். ஆறு தொழிலாளிகள் செத்துப்போன விபத்து அது. பாலம் எங்கேயும் போகவில்லை, தன் இடத்தில் நின்றது, அதைச் சொல்ல ஒரு வார்த்தை இருப்பது நல்லதுதான். நம் கிளெய்ம் ஃபார்மில் அதற்கு இடமில்லை.

போன வாரம் ஒருத்தர் காலையில் ஃபோன் பண்ணினார். “வண்டி டேஷ் ஆயிருச்சுங்க.”

“எது மேல எதுங்க?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “கேட்டு மேலங்க” என்றார். “எங்கூட்டு கேட்டுதானுங்க.”