எண்ணெய் யாருடையது?

தொட்டியில் கிடக்கும் கச்சா எண்ணெயைக் கண்ணால் பார்த்து அது யாருடையது என்று சொல்லிவிட முடியாது. கப்பலில் ஏற்றிய சரக்குக்குத் தரும் பில் ஆஃப் லேடிங் என்ற தாள்தான் அதைச் சொல்லும். நான் ஒரு கப்பலில் தேர்ட் ஆபீசராக இருந்தபோது, எரிபொருள் நிரப்ப ஏமனின் ஏடன் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ஓர் இரவில், ஓய்வுபெறும் வயதிலிருந்த எங்கள் கேப்டன் கரையைக் காட்டினார். "தம்பி, ரோஸ் மேரின்னு ஒரு கப்பலை 1952-ல இங்கதான் கொண்டுவந்து நிறுத்தினாங்க."

அதற்கு முந்தைய ஆண்டு ஈரானில் பிரதமர் மொசாதெக் எண்ணெயை நாட்டுடைமையாக்கியிருந்தார். அதுவரை அந்த எண்ணெயை எடுத்துவந்த ஆங்கிலோ-ஈரானியன் கம்பெனியில் பெரும்பங்கு பிரிட்டிஷ் அரசுக்கு. ஈரானிடம் வாங்கியது திருட்டுச் சரக்கு என்று சொல்லி, எண்ணெய் ஏற்றிவந்த ரோஸ் மேரியை பிரிட்டிஷார் ஏடனுக்குள் திருப்பிவிட்டார்கள். 1953 ஜனவரியில் அங்கிருந்த நீதிமன்றமும் சரக்கு கம்பெனிக்கே சொந்தம் என்றது. ஏடன் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

இதோடு விட்டார்களா? 1952 அக்டோபரில் ஈரான் பிரிட்டனோடு உறவை முறித்துக்கொள்ள, தெஹ்ரானில் பிரிட்டிஷ் தூதரகம் மூடப்பட்டது. கால் வைக்க இடமில்லாத பிரிட்டிஷ் உளவுத்துறை மொசாதெக்கைக் கவிழ்க்க அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவை நாடியது. பணம் கொடுத்துப் பத்திரிகைகளில் எழுத வைத்தார்கள், தெருவில் கூட்டம் சேர்த்தார்கள். 1953 ஆகஸ்ட் 15 இரவு நடந்த முதல் முயற்சி தோற்று, ஈரான் மன்னர் ஷா பாக்தாத் வழியாக ரோமுக்கு ஓடினார். ஆனால் 19-ஆம் தேதி மொசாதெக் ஆட்சி கவிழ்ந்தது. மறுவருடம் எண்ணெயைப் பங்கு போட்டபோது பழைய கம்பெனிக்கு 40 சதவீதம், அதுவரை அங்கே இடமே இல்லாத அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் 40. இந்தக் கணக்கைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. சிறையிலும் பிறகு வீட்டுக்காவலிலும் வைக்கப்பட்ட மொசாதெக் 1967-ல் இறந்தார். கவிழ்ப்பில் தன் பங்கை ஒப்புக்கொள்ளும் ஆவணத்தை சிஐஏ வெளியிட்டது 2013-ல்தான்.

அப்புறம் பல வருடங்கள் கழித்து நான் சீஃப் ஆபீசராக இருந்த ஒரு கப்பலுக்கு நடுக்கடலில் ஒரு செய்தி வந்தது: சரக்குத் தாள்களில் ஏற்றிய துறைமுகத்தின் பெயரை மாற்றி எழுதிக் கையெழுத்திட வேண்டும். அன்று இதெல்லாம்தான் நினைவுக்கு வந்தது. அந்த மாற்றத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். "சீஃப், அது நம்ம வேலை இல்லை" என்றார்கள். சரி, கையெழுத்தும் என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த துறைமுகத்தில் என்னை இறக்கிவிட்டார்கள். பெட்டியோடு கேங்வே படியில் இறங்கியபோது, தொட்டி அளவுகளைக் குறித்துவைத்த என் நோட்டும் கையில் இருந்தது. அதில் துறைமுகத்தின் பெயர் நான் எழுதியபடியே இருக்கிறது.